கேப்டன் என்று அழைப்பதா, பெயர் சொல்லி அழைப்பதா? விமானிகளின் பதவிப்பெயர் பற்றி ஒரு கேள்வி

வலது இருக்கை

அனைவருக்கும் வணக்கம். பயணிகள் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆஃபீசராக, அதாவது கேப்டனுக்கு வலப்பக்கம் அமரும் இரண்டாவது விமானியாக, ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இன்னும் சில மாதங்களில் கேப்டன் பதவிக்கான பயிற்சி தொடங்கவிருக்கிறது. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை அதற்கு முன்பாக இங்குள்ள மூத்தவர்களிடம் வைக்க விரும்புகிறேன். தொழில்முறை விமானிகள் பதவிப்பெயரை எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும்?

இதுவரை இரண்டு நிறுவனங்களில் பணியாற்றியிருக்கிறேன். முதல் நிறுவனத்தில் இடப்பக்க இருக்கையில் அமர்பவரை எப்போதும் 'கேப்டன்' என்றே அழைக்க வேண்டும். பணி முடிந்து ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான். இப்போதுள்ள நிறுவனத்திலோ பணிக்கு வந்து கைகுலுக்கியதும் கேப்டனே தம் பெயரைச் சொல்லி, அப்படியே அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறார்.

முதல் நிறுவனத்தில் இருந்தபோது ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானியை 1013 என்ற பொது அழுத்த அளவிலிருந்து அந்த விமான நிலையத்தின் அழுத்தத்துக்கு மாற்ற வேண்டிய கட்டம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கொடுத்த அளவு 1003 ஹெக்டோபாஸ்கல். நான் மாற்றிவிட்டேன். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் மழைமேகத்தை விலக்கிச் செல்வதில் கவனமாக இருந்ததால் மாற்றவில்லை. பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 300 அடி. நாங்கள் உண்மையில் இருந்த உயரத்தைவிட அவ்வளவு மேலே இருப்பதாக அவருடைய கருவி காட்டிக்கொண்டிருந்தது. 'உயரமானி, 1003' என்று சொல்லியிருந்தாலே போதும். நானோ, 'கேப்டன், தாங்கள் அனுமதித்தால் அழுத்த அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாமா' என்ற நீண்ட வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். சொன்னவுடன் திருத்திக்கொண்டார், நன்றியும் சொன்னார். அவர் கடுமையானவர் அல்லர். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கட்டுவதில் கழிந்த நொடிகள் என்னை இன்றும் உறுத்துகின்றன.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் 'கேப்டன்' என்ற சொல்லா, அல்லது நானா? நாளை நான் இடப்பக்கம் அமரும்போது என்னை எப்படி அழைக்கச் சொல்ல வேண்டும்? பணிக்கு வெளியே, கடிதத்திலும் வங்கிப் படிவத்திலும் பெயருக்கு முன் 'கேப்டன்' என்று எழுதிக்கொள்வது முறையா என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்சி விமானி

தம்பி, உங்கள் கேள்விக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் ஒரே சொல்லின் பெயரில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலாவது உரிமம். அதை அரசின் விமானப் போக்குவரத்து ஆணையம் தருகிறது. வணிக விமானி உரிமம் உண்டு, விமானப் போக்குவரத்து விமானி உரிமம் உண்டு. 'கேப்டன் உரிமம்' என்று ஒன்று கிடையாது. இரண்டாவது நிறுவனம் தரும் பதவி. கேப்டன், ஃபர்ஸ்ட் ஆஃபீசர் என்பவை இந்த வகையைச் சேர்ந்தவை. தோளில் நான்கு பட்டையா, மூன்று பட்டையா என்பதும் சம்பளமும் பணிமூப்பும் இதைப் பொறுத்தவை. மூன்றாவது கட்டளைப் பொறுப்பு. சர்வதேச விதிகள் பேசுவது இதைப் பற்றித்தான். ஒரு குறிப்பிட்ட பயணத்துக்கு நிறுவனம் ஒருவரை நியமித்து, அந்தப் பயணத்தின் பாதுகாப்பை அவரிடம் ஒப்படைக்கிறது. இறுதி முடிவு அவருடையது. அந்தப் பொறுப்பு அந்தப் பயணத்தோடு முடிந்துவிடுகிறது.

இவை மூன்றும் எப்போதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதில்லை. நான் பயிற்சியாளராக வலப்பக்கம் அமர்ந்து, இடப்பக்கம் இருந்தவருக்குக் கேப்டன் பயிற்சி அளித்த நாள்களில் கட்டளைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. இரண்டு கேப்டன்கள் ஒன்றாகப் பறக்கும் நாளில், இருவர் தோளிலும் நான்கு பட்டை இருக்கும். யார் பொறுப்பாளர் என்பதைப் பயண ஆவணம்தான் சொல்லும். ஃபர்ஸ்ட் ஆஃபீசர் என்றால் குறைந்த தகுதியுடையவர் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு பஃபலோ அருகே 50 பேர் உயிரிழந்த விபத்துக்குப் பிறகு விதி மாறி, 2013 முதல் அந்நாட்டுப் பயணிகள் விமான நிறுவனங்களின் ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களும் கேப்டனுக்கு வேண்டிய அதே உயர்நிலை உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. அதைப் பெறப் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

பதவிப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் நீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகளில் கடல் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றபோது, கப்பல் அதிகாரிகளின் உடையையும் பட்டைகளையும் பதவிப்பெயர்களையும் தன் விமானிகளுக்கு எடுத்துக்கொண்டது. கடலின் மேல் இரவு முழுவதும் பறக்கப் போகும் பயணிக்கு, கப்பல் தலைவரைப் போன்ற ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்ற நம்பிக்கை தேவைப்பட்டது. அந்தத் தேவை நியாயமானதே. ஆனால் உடையோடு சேர்ந்து, கப்பல் தலைவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற பழக்கமும் விமானி அறைக்குள் வந்துவிட்டது. அதைக் களையத்தான் என் தலைமுறை முழுவதும் பாடுபட்டது.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் விழுந்த யுனைடெட் 173 விமானத்தை நான் ஒவ்வொரு வகுப்பிலும் விளக்குவேன். சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்ற ஐயத்தால் அந்த டிசி-8 விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றியது. கேப்டனின் கவனம் முழுவதும் சக்கரத்தின் மீதும் பயணிகளைத் தயார்ப்படுத்துவதன் மீதும் இருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது மற்ற இருவருக்கும் தெரியும். அதைப் பேச்சிலும் கொண்டுவந்தார்கள். ஆனால் 'இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்' என்ற வலுவோடு யாரும் சொல்லவில்லை. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நாசா இதைப் பற்றிப் பயிலரங்கு நடத்தியது; 1981இல் யுனைடெட் நிறுவனம் குழுவாக இயங்குவதற்கான பயிற்சியைத் தொடங்கியது. அந்தப் பயிற்சியின் பெயரில் முதலில் இருந்த 'விமானி அறை' என்ற சொல் பிற்காலத்தில் 'பணிக்குழு' என்று மாறியதையும் உங்கள் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள்.

போர்ட்லாண்ட் விபத்துக்கு முந்தைய ஆண்டு, 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அன்று பனிமூட்டத்தில் புறப்பாட்டைத் தொடங்கிய கேப்டன், தம் நிறுவனத்தில் அவ்வகை விமானப் பயிற்சிக்கே தலைமை வகித்தவர். பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்குத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் கேட்டார்; கேப்டன் உறுதியான குரலில் மறுத்ததும் அந்தக் கேள்வி அங்கேயே அடங்கிவிட்டது. அவரைப் பெயர் சொல்லி அழைத்திருந்தால் மட்டும் அந்த விமானம் நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. சோதனை நடத்திய கை, அந்தக் கை தரும் மதிப்பெண், அதன் மீதான அச்சம் ஆகியவை விளிச்சொல்லை மாற்றுவதால் போய்விடுவதில்லை.

ஆகவே, என்னை எப்படி அழைக்கிறார்கள் என்பதைவிட, புறப்படுவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் நான் என்ன சொல்கிறேன் என்பதையே நான் பெரிதாகக் கருதினேன். 'இன்று நான் ஏதாவது ஒன்றைத் தவறவிடுவேன், அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்' என்று ஒவ்வொரு பயணத்திலும் சொன்னேன். சொன்னபிறகு முதன்முதலாக அவர்கள் சுட்டிக்காட்டும் மிகச் சிறிய பிழையை எப்படி வாங்கிக்கொள்கிறேன் என்பதில் எல்லாம் இருந்தது. நான் முகம் சுளித்திருந்தால் அன்று முழுவதும் அவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் உயரமானி நிகழ்ச்சிக்கு வருகிறேன். அந்த நிலையில் விளிச்சொல்லே வேண்டாம். 'உயரமானி' என்று தொடங்குங்கள். பிழையைச் சுட்டும் வாக்கியம் கருவியின் பெயரில் தொடங்கினால் மரியாதைக்கும் குறைவில்லை, நேரமும் வீணாவதில்லை.

நான்கு பட்டை

மேலே ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் பதவிப்பெயரை விட்டுவிடுவது எல்லோருக்கும் ஒன்றுபோல் எளிதல்ல என்பதை ஒரு பெண் கேப்டனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தின் முடிவில், நன்றி சொல்வதற்காகக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். தொப்பி தலையில் இருந்தது, தோளில் நான்கு பட்டைகள் இருந்தன. இறங்கி வந்த ஒருவர் தம் கையிலிருந்த காலிக் கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஃபர்ஸ்ட் ஆஃபீசரைப் பார்த்து, அருமையாக இறக்கினீர்கள் என்று பாராட்டினார். கோப்பையை வாங்கிக்கொண்டேன். கோப்பை வாங்குவது இழிவான வேலை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் குழுவினர் நாள் முழுவதும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த விமானத்தில் இறுதி முடிவு யாருடையது என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாமலே போயிற்று. அது தெரிந்திருக்க வேண்டிய நேரங்கள் உண்டு.

1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை, பறக்கும் விமானத்தில் பாதுகாப்பைக் குலைக்கும் ஒருவரைக் கட்டுப்படுத்தவும், தேவையானால் இறக்கிவிடவும், கடுமையான குற்றமானால் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் விமானத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. குடித்துவிட்டுக் கூச்சலிடும் ஒருவரிடம் பணிப்பெண் சென்று 'கேப்டன் இப்படி முடிவெடுத்திருக்கிறார்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஓர் எடை இருக்கிறது. அங்கே என் பெயரை மட்டும் சொன்னால், யாரோ ஒருவருடைய கருத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஆகவே பயணிகளுக்கான அறிவிப்பில் 'உங்கள் கேப்டன் பேசுகிறேன்' என்று தொடங்குவதை நான் ஒருபோதும் விடமாட்டேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் உள்ள இடங்களில், சிலர் ஆண் கேப்டன்களைக் 'கேப்டன்' என்றும் என்னை மட்டும் பெயர் சொல்லியும் அழைக்கிறார்கள். கேட்டால், நெருக்கத்தால் அப்படி அழைத்தோம் என்பார்கள். வழக்கம் எதுவானாலும் அந்த அறையில் அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் இப்போது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேப்டனானதும் இதைக் கவனியுங்கள். உங்களோடு பறக்கும் எல்லோரையும் ஒரே அளவுகோலால்தான் அழைக்கிறீர்களா என்பது பிறருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

வங்கிப் படிவத்தில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. அங்கே யாருடைய பாதுகாப்புக்கும் நான் பொறுப்பாளர் இல்லை.

பின் கதவு

இருபது ஆண்டுகளாகப் பயணிகள் பகுதியில் பணியாற்றுகிறேன். இதுவரை பேசியவர்கள் அனைவரும் விமானிகள். விமானி அறையின் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் அந்தச் சொல் எப்படிக் கேட்கிறது என்பதையும் எழுத விரும்புகிறேன்.

1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில் ஒரு ஃபோக்கர் எஃப்-28 விமானம் இறக்கையில் பனி படிந்த நிலையிலேயே புறப்பட்டு, உயரே ஏற முடியாமல் காட்டுக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த பணிப்பெண், இறக்கையில் பனி இருப்பதைத் தாம் பார்த்ததாக விசாரணையில் கூறினார். பயணிகளாக அமர்ந்திருந்த, பணியில் இல்லாத விமானிகளும் பார்த்திருந்தார்கள். விமானி அறைக்கு யாரும் சொல்லவில்லை. விமானிகளுக்குத் தெரியாமல் இருக்குமா, அவர்கள் வேலையில் நாம் தலையிடலாமா என்ற எண்ணமே அவர்களைத் தடுத்தது. அந்த விசாரணையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, தொழில் மரியாதை என்ற சொல்லை நான் முன்போல எளிதாகச் சொல்வதில்லை.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு, எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள் என்று கற்பிக்கிறார்கள். ஆனால் உள்தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது, மறுமுனையில் இருப்பவர் காலையில் எங்களிடம் எப்படிப் பேசினார் என்பதுதான் நினைவுக்கு வருகிறது. பயணத்துக்கு முந்தைய கூட்டத்துக்கு வந்து, எங்கள் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'வழக்கத்துக்கு மாறான சத்தமோ வாசனையோ எதுவானாலும் கூப்பிடுங்கள்' என்று சொன்ன கேப்டனிடம் ஒருமுறை, பின்பக்கக் கழிவறை அருகே மெல்லிய எரிந்த நாற்றம் வருகிறது என்று சொன்னேன். சோதித்ததில் ஒன்றும் இல்லை. தரையிறங்கியபின் அவரே பின்பகுதிக்கு நடந்து வந்து, சொன்னதற்கு நன்றி, அடுத்த முறையும் இப்படியே சொல்லுங்கள் என்றார். அவரை நாங்கள் அனைவரும் 'கேப்டன்' என்றுதான் அழைத்தோம். பெயர் சொல்லி அழைக்கச் சொல்லியும் எங்கள் பெயர் ஒன்றையும் கேட்டறியாதவர்களோடும் பறந்திருக்கிறேன். எனக்கு முதலாமவர்தான் வேண்டும்.

அழைப்புக்குறி

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். சுருக்கமாக ஒன்று. வானொலியில் நாங்கள் பதவியும் சொல்வதில்லை, பெயரும் சொல்வதில்லை. நிறுவனத்தின் அழைப்புப் பெயர், பயண எண், செய்தி, அவ்வளவுதான். மறுமுனையில் பேசுபவர் முப்பதாண்டு அனுபவமுள்ள கேப்டனா, முதல் மாதத்தில் இருக்கும் ஃபர்ஸ்ட் ஆஃபீசரா என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்னதைத் தவறாகத் திருப்பிச் சொன்னால் இருவரையும் ஒரே சொற்களால் திருத்துவேன். அவர்களும் என்னை அப்படியே திருத்துகிறார்கள். அதில் யாரும் மனம் நோவதில்லை. உயரமானி பற்றி மேலே சொல்லப்பட்ட அறிவுரை இந்த முறையைத்தான் விமானி அறைக்குள் கொண்டுவருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்லாய்வு

நான் விமானி இல்லை, செய்திகளை மொழிபெயர்ப்பவன். பதவிப்பெயர் பற்றிப் பேசும்போது தமிழில் நாங்கள் செய்துவரும் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபர்ஸ்ட் ஆஃபீசரைத் 'துணை விமானி' என்று எழுதிவருகிறோம். துணை என்றதும் வாசகர் மனத்தில், முக்கிய வேலையை ஒருவர் செய்ய அவருக்குக் கைகொடுக்கும் உதவியாளர் ஒருவர் தோன்றுகிறார். விபத்துச் செய்திகளில் 'விமானத்தைத் துணை விமானி இயக்கினார்' என்று எழுதினால், தகுதியற்றவரிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டார்களோ என்று மக்கள் கொதிக்கிறார்கள். உண்மையில் இருவரும் பயணத்துக்குப் பயணம் மாறி மாறி ஓட்டுகிறார்கள் என்பதையும், ஓட்டாதவருக்குக் 'கண்காணிக்கும் விமானி' என்றே பெயர் என்பதையும் ஒரு விமானி எனக்கு விளக்கிய பிறகுதான் நான் திருந்தினேன். முன்பு அவரை 'ஓட்டாத விமானி' என்று அழைத்தார்களாம்; செய்யாத வேலையால் ஒருவருக்குப் பெயர் வைப்பது பொருந்தாது என்றே அதை மாற்றியிருக்கிறார்கள். 'இணை விமானி' என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஆனால் கட்டளைப் பொறுப்பில் இருவரும் இணையில்லையே என்று ஒருவர் மறுத்தார். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கேப்டனைத் 'தலைமை விமானி' என்று எழுதினாலும், நிறுவனத்தின் விமானிகள் அனைவருக்கும் தலைவராக இருக்கும் வேறொரு பதவியோடு குழம்புகிறது. பழந்தமிழில் தேரோட்டிக்கு வலவன் என்றும் கப்பலைச் செலுத்துபவனுக்கு மீகாமன் என்றும் சொற்கள் இருந்தன. வானூர்தியின் கேப்டனுக்கு இன்னும் அப்படி ஒரு சொல் நிலைபெறவில்லை.

வலது இருக்கை

விடையளித்த அனைவருக்கும் நன்றி. கோப்பை நிகழ்ச்சியையும் டிரைடன் விபத்தையும் படித்த பிறகு, என் கேள்வியே என்னை மட்டும் மையமாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று உணர்ந்தேன். என்னை எப்படி அழைக்கச் சொல்வது என்று கேட்டேன். நான் மற்றவர்களை எப்படி அழைக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பணிப்பெண்களில் பலரை இதுவரை 'முன்பக்கம்', 'பின்பக்கம்' என்று இருக்கும் இடத்தால்தான் குறிப்பிட்டு வந்திருக்கிறேன். அது இந்த வாரமே மாறும்.

பயிற்சி விமானி ஐயாவிடம் இன்னும் ஒரே ஒரு ஐயம். கருவியின் பெயரில் தொடங்கச் சொன்னீர்கள். அப்படிச் சொல்லியும் மறுமொழி வராவிட்டால்?

ஓய்வுபெற்ற பயிற்சி விமானி

இரண்டாவது முறை சொல்லுங்கள், இன்னும் தெளிவாக. பல நிறுவனங்களின் விதிப்படி, இரண்டு முறை சொல்லியும் பொருத்தமான மறுமொழி இல்லையென்றால் அவர் செயலிழந்துவிட்டார் என்று கொண்டு, 'என் கட்டுப்பாடு' என்று அறிவித்து விமானத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கையேட்டில் அந்தப் பக்கம் எது என்று பயிற்சிக்கு முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தரையிறங்கும்போது 'மீண்டும் மேலே' என்று யார் சொன்னாலும் மற்றவர் கேள்வியின்றிச் செய்ய வேண்டும் என்ற விதியும் அநேகமாக அதன் அருகிலேயே இருக்கும். அந்த இரண்டு இடங்களிலும் விதி பதவியைப் பார்ப்பதில்லை.

ஆனால் அதற்கு நேர்மாறான காட்சியையும் மறக்காதீர்கள். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானம், திசையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை இயக்கும் நீரியல் அழுத்தம் முழுவதையும் இழந்து, திருப்பும் வழியின்றித் தவித்தபோது, பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியைக் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உள்ளே வரவிட்டு, எஞ்சின் விசைக்கோல்களையே அவர் கையில் கொடுத்தார். அமெரிக்காவின் சூ சிட்டியில் தரையிறங்கும்போது விமானம் உடைந்து எரிந்தும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கட்டளை ஹெய்ன்ஸிடமேதான் இருந்தது. விசைக்கோல்களைக் கையைவிட்டுக் கொடுத்ததால் அது குறைந்துவிடவில்லை.

பெயருக்கு முன் எழுதிக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்வதேசப் பயணிகள் விமானங்களில் 65 வயதோடு எங்களுக்குப் பணி முடிந்துவிடுகிறது. கடைசிப் பயணம் முடிந்து, தொழில்நுட்பப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, விமானத்தைப் பொறியாளரிடம் ஒப்படைத்தேன். தெரிந்தவர்கள் இன்னும் 'கேப்டன்' என்று கூப்பிடுகிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள் என்பதால் நான் தடுப்பதில்லை. நானாக அதன் பிறகு எங்கும் அப்படி எழுதியதில்லை.